பன்னிரண்டு காசும் பாறசாலையும்

போன மாதம் எங்கள் வங்கியில் தர்ம காரியத்துக்கு நிதி சேர்க்க ஒரு போக்கர் போட்டி வைத்தார்கள். ஆளுக்கு 50 டாலர், மொத்தம் 40 பேர், முதல் ஆறு பேருக்குப் பரிசு. சீட்டு என்றால் எனக்குத் தெரிந்தது இருபத்தெட்டுதான். தோற்றவன் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டிய ஆட்டம். ஊரை விட்டு டொரோண்டோ வந்த பிறகு அதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

எப்படியோ கடைசி எட்டுப் பேரில் ஒருவனாக மிஞ்சினேன். ஆனால் என் முன்னால் இருந்தது ஒரு கைப்பிடிக் காசு. இன்னும் இரண்டு பேர் போனால் பரிசு என்று பயந்து பயந்து சீட்டைக் கீழே வைத்துக்கொண்டே இருந்தேன். கட்டாயப் பந்தயம் சுற்றிச் சுற்றி வந்து என்னைத் தின்றுவிட்டது. ஏழாவதாக வெளியே வந்தேன். பரிசு இல்லை.

காலேஜில் படிக்கும் மகன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, காசு கம்மியா இருந்ததால நீங்க தோக்கல. உங்க காசைப் பாத்து மத்தவங்க பயப்படுற வரைக்கும் நீங்க அதை வைக்கல. அதான்."

அப்புறம் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான். வங்கிக்காரனுக்குச் சுவையான விஷயம், அதனால் சொல்கிறேன். போட்டியில் காசுக்கு முகமதிப்பு வேறு, உண்மை மதிப்பு வேறு. காசு இரட்டிப்பானால் கிடைக்கப்போகும் பரிசின் மதிப்பு இரட்டிப்பாகாது. காசு முழுக்கப் போனால் எல்லாமே போச்சு. மேசன் மால்முத் என்பவர் 1987-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஆகவே பரிசு நெருங்கும்போது அதிகம் பயப்படுபவன் நடுத்தரக் காசுக்காரன். சின்னவனோடு மோதித் தோற்றால் அவனும் சின்னவன் ஆகிவிடுவான். சின்னவனுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அந்தப் பயம்தான். கட்டாயப் பந்தயத்தைப் போல எட்டு, பத்து மடங்கு கையில் இருக்கும்போதே, யாரும் பந்தயத்தை ஏற்றுவதற்கு முன்னால், இருப்பதை மொத்தமாக நடுவே தள்ளிவிட வேண்டும். அடுத்தவன் வைத்த பந்தயத்துக்கு ஈடு கொடுக்க நல்ல சீட்டு வேண்டும். முதலில் வைப்பதற்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று இளைத்த பிறகு தள்ளினால் எவனும் ஒதுங்க மாட்டான். பொறுப்பதும் ஒரு வழிதான், ஆனால் நம்மைவிட இளைத்தவன் ஒருவன் மேசையில் இருந்தால் மட்டும்.

(ஊரில் இருக்கும் மருமக்களே, இந்தியாவில் பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதை 2025-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். மாமா சொன்னார் என்று ஆரம்பித்துவிடாதீர்கள்!)

அவன் பேசப் பேச எனக்கு ஞாபகம் வந்தவர் என் தாத்தா. பாறசாலைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எல்லைக் கதையை எடுத்தால் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்: "பன்னெண்டு பேரு இருந்தாவ மக்களே, வெறும் பன்னெண்டு பேரு."

1954-இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைத் தேர்தல். மொத்தம் 117 இடம், ஆட்சிக்கு 59 வேண்டும். காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்டுக்கு 23, பிரஜா சோஷலிஸ்டுக்கு 19, ஆர்.எஸ்.பி.க்கு 9. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12. இவர்கள் கேட்டது ஒன்பது தாலுகா: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். இவற்றைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. பரிசு கொடுக்கப்போகும் இடம் திருவனந்தபுரம் அல்ல. 1953 டிசம்பரிலேயே மாநிலச் சீரமைப்புக் கமிஷனைப் போட்டாகிவிட்டது. எந்த நேரமும் அறிக்கை வரலாம். கையில் பன்னிரண்டு காசு, பரிசு பக்கத்தில். என்னைப் போலச் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

அவர்கள் உட்காரவில்லை. மார்ச்சில் 19 இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, காங்கிரஸ் வெளியே நின்று தாங்க, பட்டம் தாணுபிள்ளை முதல்வரானார். நடுத்தரக் காசுக்காரர் என்றால் அவர்தான். ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாள் என்று அறிவித்துத் தெற்கே போராட்டம் தொடங்கியது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். செத்தவர்களைச் சீட்டாட்டக் காசோடு சேர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதைத் தனியாகவே வைக்கிறேன்.

அந்தத் துப்பாக்கிச் சூடு பட்டத்தின் கட்சியையே உடைத்தது. மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்று சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே சொன்னார். பட்டம் கேட்கவில்லை. 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் காங்கிரஸும் தமிழ்நாடு காங்கிரஸும் ஒரே பக்கம் நிற்க, ஆட்சி விழுந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்தமேனோனின் காங்கிரஸ் ஆட்சிக்கு இந்தப் பன்னிரண்டின் தயவு வேண்டியிருந்தது. 45-உம் 12-உம் 57. கூட்டிப் பார்த்தால் தெரியும், எவ்வளவு மெல்லிய கயிறு என்று.

என் மகன் பாஷையில் சொன்னால், இளைத்துப் போவதற்குள் தள்ளினார்கள், எதிராளி ஒதுங்கினான். தப்பில்லாத ஆட்டம்.

ஆனால் ஒப்பீடு இங்கேயே நின்றுவிடுகிறது. 1955 செப்டம்பர் 30-இல் அறிக்கை வந்தபோது, கமிஷன் சட்டசபைக் காசை எண்ணவில்லை. எந்தத் தாலுகாவில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று எண்ணியது. தெற்கே நான்கு தாலுகாவிலும் தமிழர் தெளிவான பெரும்பான்மை; அவை நான்கும் செங்கோட்டையும் சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்கு. நெய்யாற்றின்கரையும் கேரளாவுக்குத்தான், ஏனென்றால் தாலுகா முழுவதையும் எடுத்தால் அங்கே மலையாளிகளே அதிகம். தெற்கு ஓரத்தில் பாறசாலையைச் சுற்றி இருந்த தமிழ் வீடுகள் அந்த மொத்தக் கணக்கில் கரைந்துபோயின. நான்கு தாலுகாவும் எண்ணிக்கையிலேயே வந்திருக்கும் என்பது என் கணக்கு. போராட்டம் அதை யாரும் மறைக்க முடியாதபடி மேசைமேல் வைத்தது. எங்கள் ஊரை மட்டும் எந்த ஆட்டக்காரனாலும் வாங்கியிருக்க முடியாது. பரிசுப் பட்டியலை எழுதியவர்கள் அளவுகோலாகத் தாலுகாவை எடுத்ததுதான் காரணம்.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. இரண்டே வருஷம் கழித்து ஆந்திர எல்லைக்குப் படாஸ்கர் வந்தபோது கிராமத்தை அலகாக எடுத்தார். அந்தக் கணக்கில்தான் 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நமக்குக் கிடைத்தது. அதே கோலைத் தெற்கே கொண்டுவந்திருந்தால் எந்தெந்தக் கிராமம் எந்தப் பக்கம் விழுந்திருக்குமோ! ஒரு சில கிராமங்கள் களியக்காவிளையிலிருந்து நம் பக்கம் கேரளாவுக்கும் போயிருக்கலாம், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மகனிடம் இதைச் சொன்னேன். "ரூல்ஸ் பாக்காம ஆட உக்காந்தா அப்படித்தான்பா" என்றான். ரூல்ஸை நாங்கள் எழுதவில்லையே என்றேன். பேசாமல் இருந்தான்.

தாத்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கடைக் கணக்கைக் கடைசிவரை தமிழில்தான் எழுதினார். என் அப்பா படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அவருடைய மூத்த அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், நடந்தால் ஒரு மணி நேரம். 1956 நவம்பர் 1 அன்று கடையைச் சாத்திவிட்டு அங்கே போனாராம். அக்கா வீட்டில் பாயசம் வைத்திருந்தார்கள், ஊரெல்லாம் வெடிச் சத்தம். "நீ ஏன்டே வாங்கிக் குடிக்காம இருக்க?" என்று அக்கா கேட்டாராம். இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கேரளாவுக்கு நடந்து வந்தார்.