இஞ்சினுக்கு எண் உண்டு, ஆளுக்குப் பெயர் எங்கே?

இருப்புப்பாதை ஏறாத மலை நமது கோலா தெர்லா. தாப்பாவிலிருந்து மோட்டார் சாலை வந்ததே 1930-களின் தொடக்கத்தில்தான். ஆயினும், மலைத்தோட்டத்து லயங்களிலும் கீழே தாப்பா, ஈப்போ நகரத்து வீடுகளிலும் பழைய தகரப் பெட்டிகளைத் திறந்தால், இஞ்சின் அருகே நிற்கும் நம்மவரின் புகைப்படம் சிற்சில அகப்படவே செய்கின்றன. இதில் வியப்பில்லை. 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை மலாயாவின் முதற்பாதை, 8 மைல் தூரம், திறக்கப்பட்ட காலந்தொட்டே இந்நாட்டு இருப்புப்பாதையில் தமிழர் உழைப்புக் கலந்திருக்கிறது.

அப்படத்தை யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று கேட்டால், “தாத்தா சயாமுக்குப் போனபோது எடுத்தது” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. படத்துக்கு மாலை போடுகிறோம், ஊதுவத்தி ஏற்றுகிறோம்; படத்தைப் படிக்க மட்டும் நமக்கு நேரமில்லை! செந்தூல் பட்டறையில் உழைத்தவரைச் சயாம் மரண ரயிலில் சேர்ப்பதும், சயாமில் மடிந்தவரைச் செந்தூலில் வைப்பதும் ஒரே குற்றந்தான். நம் துயரத்தையே மறுக்க விரும்புவோர்க்குப் பொய்யான படம் ஒன்று போதும். மெய்யான நூறையும் அவர்கள் தள்ளிவிடுவார்கள்.

படத்தைப் படிப்பது பெரிய வித்தையன்று. முதலில் எழுத்துக்களைப் பார்க்க வேண்டும். எண் இடவலம் மாறித் தெரிந்தால், தகட்டைப் புரட்டி அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். யார்டின் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும். அடுத்து, எண் எழுதப்பட்ட முறை. மலாயா இரயில்வேயின் பெரிய இஞ்சின்களில் 564.36 என்பதுபோல் புள்ளியிட்ட எண் இருந்தால் அது போருக்குப் பிற்பட்ட முறை. 56 என்பது வகை, 36 என்பது அந்த இஞ்சினுக்கே உரிய எண். இவ்வகை இஞ்சின்கள் 1938 முதல் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. எனவே புள்ளியெண் தெரியும் படத்தை ஜப்பானியர் காலத்துப் படம் என்று யார் சொன்னாலும் ஒப்ப வேண்டியதில்லை. புகைபோக்கியே இல்லாமல் நீண்ட மூக்கோடு, சக்கரங்களை இணைக்கும் தண்டோடு நிற்பது டீசல் சண்டிங் இஞ்சின். 1948-க்கு முன் அதனை மலாயா யார்டுகளில் காண முடியாது.

சயாமின் அடையாளம் வேறு. ஜப்பானியர் தம் நாட்டிலிருந்து ஸி56 என்னும் இஞ்சின்கள் 90-ஐக் கொணர்ந்து, சக்கரங்களை மீட்டர் அகலத்துக்குக் குறுக்கித் தென்னாடுகளில் ஓட்டினர். முன்னே ஒரு ஜோடிச் சிறு சக்கரம், பின்னே மூன்று ஜோடிப் பெருஞ்சக்கரம். கரி, தண்ணீர் சுமக்கும் பின்வண்டியின் மேற்பக்கம் இருபுறமும் உள்ளே ஒடுங்கியிருக்கும்; திருப்பு மேடையில்லாத இடங்களில் பின்னோக்கி ஓட்டும்போது டிரைவர் வழி காண்பதற்காக இவ்வாறு செய்தனர். இந்த ஒடுக்கத்தை ஒருமுறை கண்டவர் மறவார். போருக்குப் பின் சயாம் இரயில்வே இவற்றில் 46-ஐ 701 முதல் 746 வரை எண்ணிட்டு ஓட்டிற்று. ஆகவே படத்தில் 725 என்றிருந்தால், இஞ்சின் மரணப்பாதைக் காலத்தது, படமோ அதற்குப் பிந்தியது! ஸி56 31 என்று முதலில் பெயர் பெற்ற அந்த இஞ்சின், 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பி, இன்று தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்துக் காட்சிசாலையில் எண்ணோடும் மெருகோடும் நிற்கிறது.

இஞ்சின் தெரியாத படத்தில் யார்டைப் பார்க்கலாம். பின்னே கோலாலம்பூர் ஸ்டேஷனின் கும்மட்டங்கள் தெரிந்தால் 1910-க்கு முற்பட்டதன்று. கூரை பிளந்த பெரும் பட்டறையாயின், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்ட கோலாலம்பூர் இரயில்வேப் பட்டறையோ என்று ஆராய வேண்டும். பகாங்கில் இன்னுமொரு தடயம் உண்டு. 1931-இல் முடிந்த கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களை, மெந்தகாபுக்கு வடக்கே கிளந்தான் வரை நெடுந்தூரம், ஜப்பானியர் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோயினர். 1953 வரை அப்பாதை முழுமை பெறவில்லை. ஆதலின் அப்பகுதியில் நடு யார்டில் புல் முளைத்துத் தண்டவாளமின்றிக் கிடக்கும் படம் அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது. தோட்டத்து ஆளும் தண்டவாளமும் ஒரே இடத்துக்கே அனுப்பப்பட்டன.

மரணப்பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் இணைந்தன. ஜப்பானியர் தம் வெற்றியைப் படமெடுத்தனர். ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியக் கைதி ஒளித்துவைத்த காமிராவால் எடுத்த படங்களும் உள்ளன. நம்மவர் கையில் காமிரா இல்லை. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வெள்ளைக் கைதிகள் வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள்; கைதிகளைவிடப் பன்மடங்காய் மடிந்த ஆசியத் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லை. அதனால்தான், பெட்டிக்குப் பெட்டி கொக்கி மாட்டும் ஆளின் முகம் பாதி தெரியும் ஒரு கிழிந்த படத்தையும் நாம் அலட்சியம் செய்யலாகாது.

அடையாளம் கண்டதைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுக. மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். இஞ்சின் எண், யார்டு, ஆண்டு, இவற்றை எதைக்கொண்டு அறிந்தோம் என்பது, கடைசியாக நிற்பவரின் பெயரும் அவர் எந்தத் தோட்டத்தார் என்பதும். பெயர் சொல்லத் தெரிந்த பாட்டி உயிரோடிருந்தால் அதனை முதலில் எழுதிக்கொள்க. இஞ்சின் எண்ணை அப்புறம் பார்க்கலாம்.