ஆலை நகரமும் கனத்த கிதாரும்: ஒரு ராக் இசைத்தொகுப்பு உருவாவதற்கான சூழல் குறித்து

கனத்த ராக் இசையின் பிறப்பை எழுதுவோர் பலரும் பர்மிங்காம் நகரத்தின் புகைபோக்கிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். இரும்புப் பட்டறைகளின் இடிப்போசைதான் பிளாக் சபாத் குழுவின் கிதாரில் இறங்கியது என்பது அவர்கள் தரும் விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆலைச்சத்தமே காரணம் என்றால் மேட்டூரிலும் அப்படி ஒரு குழு முளைத்திருக்க வேண்டும். 1934இல் அணை கட்டி முடிந்தது. 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டது. 1965இல் மால்கோ நிறுவனம் அலுமினியத்தை உருக்கத் தொடங்கியது. 1967இல் பி.வி.சி. ஆலையும், 1987இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகும் வந்தன. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும் ஊர் இது. இசைத்தட்டு வார்க்கப் பயன்படுவதும் பி.வி.சி. வகைப் பிசின்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை.

ஆக, ஆலை மட்டும் போதாது. வேறு என்ன வேண்டும் என்பதற்குப் பர்மிங்காமையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1968இல் ஆஸ்டன் பகுதியில் ஒன்றுசேர்ந்த நால்வரும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறைச்சிக்கூடத்திலும் கார் ஹாரன் ஆலையிலும் வேலை பார்த்தவர். கிதார் கலைஞர் டோனி அயோமிக்கு 17 வயதிருக்கும்போது, தகட்டு ஆலை இயந்திரம் வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் வெட்டியது. அது அந்த ஆலையில் அவருக்குக் கடைசி வேலைநாள். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். பின்னர் 1971இல் வந்த மூன்றாவது தொகுப்பில் தந்திகளின் சுருதியையே ஒன்றரைத் தொனி இறக்கினார். விரலுக்கு வலி குறைந்தது, ஓசைக்குக் கனம் கூடியது. ஆலைக்கும் இந்த இசைக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். பட்டறைச் சத்தத்தைப் பற்றிய பேச்சைவிட இது எனக்கு உறுதியான சான்றாகப் படுகிறது.

முதல் தொகுப்பு உருவான விதம் இன்னும் முக்கியம். 1969 அக்டோபரில் லண்டனின் ரீஜன்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் நுழைந்த நால்வரும், நான்கு தடப் பதிவுக்கருவியில் ஒரே நாளில் மொத்தத்தையும் வாசித்து முடித்தார்கள். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின், ஒலிப்பதிவாளர் டாம் ஆலம். தொடக்கத்தில் கேட்கும் மழையும் இடியும் தேவாலய மணியும் பிறகு சேர்த்தவை. மற்றபடி மேடையில் வாசித்ததுதான் நாடாவில் பதிந்தது. இந்த வேகத்தைப் பலர் மேதைமையின் அடையாளமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது பயிற்சி. ஹாம்பர்க் ஸ்டார் கிளப் போன்ற இடங்களில் ஒரே நாளில் பல சுற்று வாசித்துப் பழகியவர்களுக்கு, ஒலிப்பதிவுக்கூடம் இன்னொரு மேடை, அவ்வளவுதான். தொகுப்பில் இரண்டு பாடல்கள் பிற குழுக்களுடையவை என்பதையும் மறக்க வேண்டாம். சொந்தப் பாட்டும் இரவல் பாட்டும் அங்கே ஒரே மேடையில் புழங்கின. சொந்தப் பாட்டை அந்த மேடை தடுக்கவில்லை என்பதே செய்தி.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்ட்டிகோ நிறுவனம் அதை வெளியிட்டது. விமர்சகர்கள் கடித்துக் குதறினார்கள். ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ் எழுதிய மதிப்புரை ஏளனத்தின் உச்சம். ஆனால் வாங்கியவர்கள் வாங்கினார்கள்: பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம், அமெரிக்காவில் 23ஆம் இடம். ஹெவி மெட்டலின் முதல் தொகுப்பு என்று இன்று பலரும் அதையே சுட்டுகிறார்கள். 2025 ஜூலை 5 அன்று அதே ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாக வாசித்தார்கள். அந்த மாதமே ஆஸ்போர்ன் காலமானார்.

அந்த முதல் தொகுப்பின் தலைப்புப் பாடலின் அச்சமூட்டும் சுரத்தொடர் பற்றி ஓர் இடைக்குறிப்பு. ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்யமம்: அவ்வளவுதான் அது. ஐரோப்பிய மரபு இந்த இடைவெளியைச் சாத்தானின் பெயரோடு சேர்த்துப் பேசியிருக்கிறது. நமக்கோ 72 மேளகர்த்தா ராகங்களில் 37 முதல் 72 வரை பிரதி மத்யமம்தான். கல்யாணி ராகத்தைக் கேட்டு யாரும் பயந்ததில்லை. மேற்கில் இத்தொகுப்புக்குக் கிடைத்த அதிர்ச்சியில் ஒரு பங்கு கேட்பவரின் மதப் பழக்கத்திலிருந்து வந்தது. தமிழ்க் காதுக்கு அது வந்து சேரும்போது மிஞ்சுவது கிதாரின் கரகரப்பும் ட்ரம்ஸின் கனமும் மட்டுமே.

இனி மேட்டூர்ப் பக்கம் வருவோம். எலெக்ட்ரிக் கிதாரும் ட்ரம்ஸும் இந்தச் சமவெளிக்கு அந்நியமல்ல. சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுக்களின் கச்சேரி பழகிப்போன ஒன்று. கிதார்காரர் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு இளையராஜா பாடலின் இடையிசையை அப்படியே விரலில் பிடிப்பார். ‘இளைய நிலா’வின் தொடக்கத்தைப் பிசகில்லாமல் வாசிப்பது அவருக்கு ஒரு தேர்வு. கைத்திறனில் குறையில்லை. மேடை கேட்டது சினிமாப் பாட்டை. ஆர்க்கெஸ்ட்ராவை அழைத்த விழாக்குழுவுக்கும், விடியவிடிய உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கும் தெரியாத ஒரு பாட்டை வாசிக்கத் துணிந்தால் அடுத்த வருடம் அழைப்பு வராது.

ஒலிப்பதிவுக்கூடமும் அப்படித்தான். சேலத்திலேயே டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1956இல் தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ எடுத்த நிறுவனம். ஆனால் அங்கே இசை படத்துக்காக உருவானது. பின்னாளில் சென்னை ஒலிப்பதிவுக்கூடங்களிலும் இசைக்கலைஞருக்குக் கால்ஷீட் கணக்கில் கூலி, பாட்டு படத்துக்கு. கனத்த கிதார் தமிழில் நுழைந்தது ஒரு காட்சிக்கான வண்ணமாக: கிளப் நடனம், கல்லூரி விழா, வில்லனின் வருகை. அந்த ஓசையை எழுப்பியவரின் பெயர் கேசட் உறையில் இருக்காது.

சினிமாவுக்கு வெளியே முயன்றவர்கள் வேறொரு சுவரில் முட்டினார்கள். இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் சிம்லா சிகரெட்டை விற்க நடத்திய சிம்லா பீட் போட்டிகளிலிருந்து 1970, 1971 ஆண்டுகளில் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. பாடல்கள் ஆங்கிலம். பம்பாயின் ராக் மெஷின் குழு 1988இல் வெளியிட்ட ‘ராக் அண்ட் ரோல் ரெனிகேட்’ சொந்தப் பாடல்கள் கொண்ட தொகுப்பு, அதுவும் ஆங்கிலம். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய நெமிசிஸ் அவென்யூ ஒரு ராக் குழுதான். அந்த இளைஞர் 1989இல் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தைக் கட்டினார். அது வந்தபின் ராக் குழுவுக்கான வழி திறந்திருக்கலாம். ஆனால் 1992இல் ‘ரோஜா’ படம் வந்தது, அவரும் சினிமாவுக்குப் போனார். கேட்பவர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

அதே 1992இல், கடல்தாண்டி, சிங்கப்பூரில் தமிழ் இளைஞர்கள் ருத்ரா என்ற குழுவைத் தொடங்கினார்கள். பாடிக்கொண்டே பேஸ் கிதார் வாசித்தவர் கதிர், ட்ரம்ஸ் சிவா. இடையில் கலைந்து, மீண்டும் கூடி, 1998இல் குழுவின் பெயரிலேயே முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 2001இல் ‘தி ஆர்யன் க்ருசேட்’, 2003இல் ‘குருக்ஷேத்ரா’. பிறகு 2005, 2009, 2011 ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ வரிசையில் மூன்று தொகுப்புகள். டெத் மெட்டலின் உறுமல் குரல், இடைவிடாத ட்ரம்ஸ், அதன்மேல் சமஸ்கிருத உச்சாடனமும் வேதாந்தக் கருத்துகளும். இந்த வகைக்கு வேதிக் மெட்டல் என்ற பெயர் நிலைத்தது.

ருத்ரா தொடங்கியது, நார்வேயில் பிளாக் மெட்டல் ஆட்கள் தேவாலயங்களுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்த காலத்தில். மதத்தை எதிர்ப்பதே அந்த இசையின் இலக்கணம் என்று ஆகிவிட்டிருந்தபோது, ருத்ரா மதநூலுக்குள் இறங்கி, அங்கிருந்து உறுமியது. வரவேற்பும் அதற்கேற்ப இரண்டாகப் பிரிந்தது. வெளிநாட்டு மெட்டல் ரசிகர்களுக்கு அது புதுமை. சிங்கப்பூருக்குள் அது ஓர் ஆய்வுப்பொருளாகவும் ஆனது: இசையியலாளர் யூஜின் தைரியநாதன் 2009இல் வெளியிட்ட கட்டுரை, வேதிக் மெட்டலை அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு சேர்த்து வாசித்தது. ஹெவி மெட்டலை உலகுக்குத் தந்த முதல் தொகுப்புக்குக் கிடைத்தது கேலி. ருத்ராவுக்கோ பல்கலைக்கழக அளவில் கவனம் கிடைத்தது. பெருவாரியான தமிழ்க் கேட்போர் கிடைக்கவில்லை.

எனக்கு இதில் ஒரு குறையும் உண்டு. சித்தர் சிவவாக்கியரின் தமிழ்க் கோபம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தையும் சமஸ்கிருதத்தையும் முதன்மையாக எடுத்துக்கொண்டார்கள். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக உருமாறிய சேலத்தில் ‘ஆர்யன்’ என்ற தலைப்போடு ஒரு தொகுப்பு வெளியாகியிருந்தால், இசையை விட்டுவிட்டுத் தலைப்பைத்தான் பேசியிருப்பார்கள். ஆனால் சொந்தப் பாட்டு, சொந்தக் குழு, சினிமாவைச் சாராத வெளியீடு ஆகிய மூன்றும் சிங்கப்பூரில் ஒருசேரக் கிடைத்தன. மேட்டூரில் இல்லாதவை இவைதான்.

தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கையை 2018 ஜனவரியில் ஒரு மேடையில் பார்க்க முடிந்தது. 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. கானா, ராப், பறை, எலெக்ட்ரிக் கிதார் எல்லாம் கலந்த அதை ஹார்ட் ராக் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கரகரக்கும் கிதாரோடு சாதியையும் இடஒதுக்கீட்டையும் தமிழில், தங்கள் சொந்தப் பாட்டாகப் பாடினார்கள். இசையை ஒருங்கிணைத்தவர் குரங்கன் குழுவில் வாசித்த டென்மா. முன்னின்று நடத்தியவர் பா. இரஞ்சித், அதற்குள் ‘மெட்ராஸ்’, ‘கபாலி’ படங்களால் பெயர் பெற்றிருந்த திரைப்பட இயக்குநர்.