தூங்க வைக்காத வலிப்பு மாத்திரை

1/ வலிப்பு நோய்க்கு மாத்திரை எழுதிக் கொடுத்ததும் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி: "இதைச் சாப்பிட்டா புள்ள எப்பவும் தூங்கிக்கிட்டே இருக்குமா டாக்டர்?" நியாயமான பயம்தான். அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கு. இன்னிக்கு அதைப் பார்ப்போம்.

2/ 1857, லண்டன். விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்த டாக்டர் சார்லஸ் லோகாக், மாதவிடாயை ஒட்டி வலிப்பு வரும் பெண்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துப் பலன் கிடைத்ததாக ஒரு மருத்துவர் கூட்டத்தில் சொன்னார். காம உணர்ச்சிதான் வலிப்பைத் தூண்டுது, புரோமைடு அதை அடக்கும் என்பது அவர் கணக்கு. காரணம் தப்பு. ஆனா வலிப்பு குறைஞ்சது நிஜம்.

3/ அதற்குக் கொடுத்த விலை பெருசு. புரோமைடு உடம்பைவிட்டு லேசில் வெளியேறாது, சேர்ந்துகிட்டே போகும். எந்நேரமும் தூக்கம், மந்தம், குழப்பம், முகமெல்லாம் பரு. வலிப்பு குறையும், ஆளும் பாதியாகிவிடுவார்.

4/ 1912, ஜெர்மனியின் ஃப்ரைபர்க். ஆல்ஃபிரட் ஹாப்ட்மான் என்ற இளம் டாக்டர், அப்போது புதுசாக வந்திருந்த ஃபீனோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தை வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்தார். ராத்திரி மட்டுமில்ல, பகல்லயும் வலிப்பு குறைஞ்சது. நம்ம ஊரில் 'கார்டினால்' என்று சொல்கிறோமே, அதே மருந்துதான். இன்றும் உயிர் காக்குது.

5/ இப்போ கவனிங்க. கையில் இருந்த முக்கியமான ரெண்டு மருந்துமே தூக்கம் வரவைப்பவை. அதனால் மருத்துவ உலகம் ஒரு முடிவுக்கு வந்தது: வலிப்பை அடக்கணும்னா மூளையை மந்தமாக்கித்தான் ஆகணும். வகுப்பில் தூங்கி விழும் குழந்தைக்கு "மக்கு" என்ற பட்டமும் சேர்ந்தது.

6/ இதுக்கு நடுவே, 1908-லேயே ஹைன்ரிக் பில்ட்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஒரு பொருளைத் தயாரித்திருந்தார். பின்னாளில் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் மருந்து கம்பெனியிலும் அது இருந்தது. தூக்கம் வருதான்னு பார்த்தாங்க. வரலை. அலமாரியில் வெச்சுட்டாங்க.

7/ 1930-கள், பாஸ்டன் சிட்டி மருத்துவமனை. ட்ரேசி புட்னம், ஹூஸ்டன் மெரிட் என்ற ரெண்டு நரம்பியல் டாக்டர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். வலிப்பை நிறுத்துவதும் தூங்க வைப்பதும் ஒரே வேலைதானா? ரெண்டும் வேறவேறயா இருந்தா?

8/ இதை ஆய்வகத்தில் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு பூனைக்கு எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் வலிப்பு வருது என்று முதலில் அளந்தார்கள். மருந்து கொடுத்துவிட்டு மறுபடி அளந்தார்கள். முன்பைவிட அதிக மின்சாரம் தேவைப்பட்டால் மருந்து தடுக்குதுன்னு அர்த்தம். கூடவே, பூனை விழிப்பா இருக்கா, தள்ளாடாம நடக்குதா என்பதைத் தனியாகக் குறித்தார்கள். பூனைகளுக்கு அது கொடுமைதான். அதையும் மறைக்க வேண்டாம்.

9/ ஃபீனோபார்பிட்டாலின் வேதி அமைப்புக்கு நெருக்கமான, ஆனா தூக்கம் தராத பொருட்கள் இருந்தா அனுப்புங்கன்னு பார்க்-டேவிஸிடம் கேட்டார் புட்னம். வந்ததில் ஒன்று, அலமாரியில் தூங்கிக்கிட்டிருந்த அந்த மருந்து. ஃபெனிடாயின். பூனை நல்லா முழிச்சிருந்தது; வலிப்பு வர முன்பைவிட அதிக மின்சாரம் தேவைப்பட்டது.

10/ 1938-ல் நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர்கள் அவர்கள். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது முழுசா நின்றது. அதுவும் மந்தம் இல்லாமல். நம்ம மெடிக்கலில் கிடைக்கும் 'எப்டாயின்' இதுதான்.

11/ எப்படி வேலை செய்யுது? நரம்பு செல்லின் சுவரில் சோடியம் போய்வர வாசல்கள் உண்டு. வலிப்பின்போது அவை படபடவென்று திறந்து மூடும். ஃபெனிடாயின் அந்த அதிவேகத்தை மட்டும் பிடித்து நிறுத்தும். வழக்கமான வேகத்தில் நடக்கும் வேலையைப் பெரும்பாலும் விட்டுவிடும். இது புரிந்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

12/ குறையே இல்லாத மருந்தா? இல்லை. ஈறு வீங்கி வளரும். அளவு கூடினால் தள்ளாட்டமும் மயக்கமும் வரும். சில வகை வலிப்புக்கு உதவாது. கர்ப்பத்தில் தனிக் கவனம் வேண்டும்.

13/ எனக்கு உறுத்துவது ஒன்றுதான். மருந்து கையில் இருந்தது. 30 வருஷம் யாரும் பயன்படுத்தலை. "தூக்கம் வருதா?"ன்னு மட்டும் கேட்டோம். "வலிப்பு நிக்குதா?"ன்னு கேட்கவே இல்லை.

14/ அதனால் அந்த அம்மாவுக்கு என் பதில்: "எப்பவும் தூங்கணும்னு அவசியமில்லைம்மா. முதல்ல கொஞ்ச நாள் அசதியா இருக்கலாம். அதுக்கப்புறமும் வகுப்புல தூங்கினா கூட்டிட்டு வாங்க. அளவை மாத்தலாம், மருந்தையே மாத்தலாம். ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா விடாம வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்."