பொறி

புறக்கோட்டையில் காஸ்வேர்க்ஸ் வீதி இன்னும் அதே பெயரில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே நிலக்கரியைச் சுட்டெடுத்த வாயு கொழும்பின் தெருவிளக்குகளில் எரிந்தது. அவற்றை ஏற்ற ஆளும் நெருப்பும் வேண்டியிருந்தது. வீடுகளுக்குக் காஸ் சிலிண்டர் வந்தபின்பும் வெள்ளவத்தைக் குசினிகளில் நெருப்புப்பெட்டி கனகாலம் இருந்தது.

நான் காஸ் குக்கர் திருத்துகிறவன். நெருப்புப்பெட்டிக்குப் பதிலாக அடுப்பைப் பற்றவைக்கும் பற்றரிப் பொறியில் எனக்குத் தனிப் பிரியம். 1.5 வோல்ற் பற்றரி. குட்டி ட்ரான்ஸ்போமர் கப்பாசிற்றரை நிரப்பும். அது இரண்டாவது ட்ரான்ஸ்போமரில் ஒரேயடியாகக் கொட்ட, பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் எழுந்து மூன்று நான்கு மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்டும். பொறி வராவிட்டால் பற்றரியைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். அநேகமாகக் குற்றவாளி, பொங்கி வழிந்த சோற்றுக் கஞ்சி: பீங்கான் முனை நனைந்தால் பொறி வேறு பக்கம் ஓடிவிடும்.

2022 பொருளாதார நெருக்கடியின்போது பொறி நன்றாகவே பாய்ந்தது. காஸ்தான் இல்லை, கொட்டாஞ்சேனையில் விறகு வாங்கினார்கள்.