அஞ்சல் இறங்கிய திடல்

‘அஞ்சல்’ என்னும் சொல் நாஞ்சில் நாட்டாருக்குப் பாடநூல் தந்த கலைச்சொல் அன்று. திருவிதாங்கூர் அரசு நடத்திய கடிதப் போக்குவரத்துத் துறைக்கே அப்பெயர் வழங்கிற்று. மணி கட்டிய கோலேந்தி அஞ்சலோட்டக்காரர் ஓடிய வழிகள் இம்மண்ணிலும் கிடந்தன. அவ்வோட்டம் ஒருநாள் வானேறிய செய்தியை மட்டும் நாம் அண்டை மாநிலத்தாரின் வரலாறாகவே விட்டுவிட்டோம்.

திருவனந்தபுரத்தில், சங்குமுகம் கடற்கரையை அடுத்த விமானத்திடல் 1932இல் பறப்புக் கழகத்தோடு தொடங்கியது. விமானமோட்டியும் திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் கொண்டவருமாகிய கோதவர்ம ராஜா இம்முயற்சியில் முன்னின்றவர். (1971இல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்திலேயே அவர் மறைந்தது விதியின் விளையாட்டுப் போலும்.) கராச்சி, பம்பாய், சென்னை நகரங்களை இணைத்து 1932இல் டாட்டா நிறுவனம் தொடங்கிய தபால் விமானப் பணி, மூன்றாண்டில் தெற்கே நீண்டது. 1935 நவம்பர் 1ஆம் நாள் பம்பாயிலிருந்து ‘ஃபாக்ஸ் மாத்’ விமானத்தை நெவில் வின்சென்ட் இத்திடலில் இறக்கினார் என்பது நிலைய வரலாறு. ஈரடுக்கு இறக்கையும் ஒற்றை எஞ்சினும் கொண்டு, பெரிதும் மரத்தால் ஆன சிறு விமானம் அது. சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்கு வைசிராய் வில்லிங்டன் விடுத்த பிறந்தநாள் வாழ்த்து அதில் வந்தது. மீளும்போது திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்து பறந்தது.

அரசரின் வாழ்த்துக்கு ஒரு விமானமா என்று கேட்கத் தோன்றும். கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. அரசின் கருவூலத்தில் இவ்வயல்களின் வரியும் சேர்ந்தே கிடந்தது.

1951இல் அஞ்சல்துறை இந்தியத் தபால் துறையோடு கலந்தது. 1956இல், அதே நவம்பர் 1ஆம் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. உயிர்கொடுத்துப் பெற்ற இணைப்பு அது, அதில் வருத்தமில்லை. திடல் எல்லைக்கு அப்பால் நின்றது. அதன் கதையும் அப்பாலேயே நின்றுவிட்டது என்பதே குறை. இன்றுவரை குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் செல்லும் நம்மவர், 1991இல் பன்னாட்டு நிலையமாக உயர்ந்த அத்திடலையே நாடுகின்றனர்.

பழைய அரசின் சுவடு ஒன்று அங்கே இன்றும் அழியவில்லை. நம்மாழ்வார் பாடிய அனந்தபுரத்துப் பெருமாள் பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆறாட்டுக்காகச் சங்குமுகம் எழுந்தருளும் வழி, ஓடுபாதையின் குறுக்கே செல்கிறது. ஊர்வலம் சென்று மீளும்வரை சில மணி நேரம் விமானங்கள் காத்திருக்கின்றன.