இலவச இணைப்பு நிஜமாகவே இலவசமா?

டிவிடி அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு நீளப் பட்டியல் இருக்கும். மேக்கிங், நீக்கப்பட்ட காட்சிகள், இயக்குநர் பேட்டி, டிரெய்லர்... வார இதழோடு வரும் இலவச இணைப்பு மாதிரி சும்மா கிடைக்கிறது என்றுதான் வாங்குபவர் நினைப்பார். காமர்ஸ் படிப்பவர்களுக்கு மட்டுமாவது ஒரு சந்தேகம் வரவேண்டாமா? இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

இந்தப் பழக்கம் டிவிடியோடு பிறந்ததல்ல. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 1984-ல் 'கிங் காங்' படத்தை லேசர்டிஸ்க்கில் வெளியிட்டபோது, ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளர் படம் ஓட ஓடப் பேசும் ஒலித்தடத்தையும் சேர்த்தது. லேசர்டிஸ்க்கில் காட்சி அனலாக். ஒரு பக்கத்தில் சுமார் ஒரு மணி நேரம்தான் கொள்ளும். கூடுதலாகப் பேட்டி வேண்டுமென்றால் இன்னொரு பக்கம், இல்லையேல் இன்னொரு தட்டு. காசு கூடும், அவ்வளவுதான். படத்தின் தெளிவு குறையாது.

1996-ல் ஜப்பானிலும் 1997-ல் அமெரிக்காவிலும் வந்த டிவிடி இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. இரட்டை அடுக்குத் தட்டின் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டு மணி நேரப் படம் மட்டும் என்றால் ஒலியும் ஒளியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 9.4 மெகாபிட் ஒதுக்கலாம். அதே தட்டில் 4 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேர மேக்கிங்கை நுழைத்தால், கிட்டத்தட்ட 1.8 ஜிபி போய்விடும். படத்துக்கு மிஞ்சுவது 7.4 மெகாபிட். ஆக, இலவச இணைப்புக்கான விலையைப் படத்தின் பங்கிலிருந்துதான் கழித்தார்கள் :-)

பேட்டிகளை இறுக்கிச் சுருக்குவது எளிது. எம்பெக்-2 முறை, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பெரும்பாலும் சேமிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை. மழை, புகை, வெடிவிபத்து வந்தால்தான் பிட் எகிறும். கொடுக்காவிட்டால் திரை கட்டம் கட்டமாக உடையும். அதனால் பேட்டியில் கஞ்சத்தனம், சண்டையில் தாராளம் என்பதே விவரம் தெரிந்தவர்களின் வழி. ஆனால் மேக்கிங்கிற்குள் சண்டைக்காட்சி வந்தால் அந்தக் கஞ்சத்தனம் பல்லிளிக்கும்.

2001-ல் கொலம்பியா டிரைஸ்டார் நிறுவனம் 'சூப்பர்பிட்' வரிசையைக் கொண்டுவந்தது. 'தி ஃபிஃப்த் எலிமென்ட்' போன்ற படங்களை இணைப்புகள் இல்லாமல், கிடைத்த இடத்தையெல்லாம் படத்துக்கும் டிடிஎஸ் ஒலிக்கும் கொடுத்து வெளியிட்டார்கள். நேர்மையான யோசனைதான். ஆனால் சின்ன டிவியில் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். இணைப்பு இல்லையே என்ற குறை மட்டும் பளிச்சென்று தெரியும்! பிறகு இணைப்புகளைத் தனித்தட்டில் வைத்து 'சூப்பர்பிட் டீலக்ஸ்' என்றும் விற்றார்கள்.

இந்தச் சிக்கலுக்குச் சரியான பதில் 2002 நவம்பரில் வந்தது: 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பு. 208 நிமிடப் படம், நான்கு கமெண்டரிகள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் திணித்திருந்தால் ஒலியையும் சேர்த்து நொடிக்கு 5.4 மெகாபிட்தான் தேறியிருக்கும். எனவே படத்துக்கு இரண்டு தட்டு, இணைப்புகளுக்கு இரண்டு தட்டு என்று பிரித்துவிட்டார்கள். பாதியில் எழுந்துபோய்த் தட்டை மாற்றவேண்டும். ரசிகர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2006-ல் 25, 50 ஜிபி கொள்ளளவோடு ப்ளூ-ரே வந்தது. இடப்பஞ்சம் தீர்ந்ததென்றுதான் தோன்றியது. ஆனால் ஆரம்ப வருடங்களில் வந்த பல ப்ளூ-ரே தட்டுகளில் படம் ஹெச்டி-யில் ஜொலிக்க, இணைப்புகள் மட்டும் டிவிடிக்குத் தயாரித்த பழைய தெளிவிலேயே குடியேறின.