டிஸ்க்கை மறைத்த கார்டு

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டு பொருத்திய ஒரு சர்வரில் எட்டு ஹார்டு டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தாலும், இயங்குதளத்துக்குத் தெரிவது ஒரே ஒரு பெரிய டிஸ்க்தான். அந்த எட்டில் எது நோய்வாய்ப்பட்டிருக்கிறது, எது நேற்று வாசிக்கத் திணறியது என்பதெல்லாம் கார்டுக்கு மட்டுமே தெரிந்த சேதி. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் தொட விரும்பும் சர்வர் நிர்வாகிகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சுவரோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். சுவரை எழுப்பியது முட்டாள்தனமல்ல; எழுப்பிய காலத்தில் அதற்கு உறுதியான காரணம் இருந்தது. அந்தக் காரணம் தீர்ந்த பிறகும் சுவர் நின்றதால்தான் சிக்கல் வந்தது என்பதே இந்த வரலாற்றைப் புரட்டினால் தெரியவரும் விஷயம்.

1988 ஜூனில் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் ரெய்டு கட்டுரையை முன்வைத்தார்கள். ஐபிஎம் 3380 போன்ற ராட்சத டிஸ்க்குக்குப் பதிலாக, தனிக் கணினிகளுக்கென்று கானர் நிறுவனம் விற்ற 100 மெகாபைட் டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்க்கலாம் என்பது அவர்கள் வாதம். அதிலிருந்த ஆபத்தையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், நூறு டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் ஏதோ ஒன்று 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரம்கூட ஆகாமல், செத்துப்போகும். எனவே உபரித் தகவலும் சேர்த்து எழுதப்பட வேண்டும். இதை நடைமுறையில் சோதிக்க அவர்கள் கட்டிய முதல் மாதிரி, ஒரு சன் 4/280 கணினியில் 28 டிஸ்க்குகளை இணைத்து, எல்லா வேலையையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்படி அமைந்தது. பயன்பாட்டு நிரலுக்கு அது கொடுத்த அதிகபட்ச வேகம் விநாடிக்கு 2.3 மெகாபைட். அதே கணினியில் ஒற்றை டிஸ்க்கே 1.3 மெகாபைட் கொடுத்தது! டிஸ்க்குகள் தயாராக இருந்தும், அவ்வளவு தரவையும் தன் நினைவகம் வழியாகக் கடத்த அந்தக் கணினிக்குத் திராணியில்லை. அடுத்த மாதிரியில் தரவுப் போக்குவரத்தைத் தனி வன்பொருள் பலகைக்கு மாற்றியதும் வேகம் விநாடிக்குச் சுமார் 20 மெகாபைட்டைத் தொட்டது.

தனக்கென்று பிராசஸரும் நினைவகமும் கொண்ட ரெய்டு கார்டு 1990களில் சந்தையைப் பிடித்ததற்கான நியாயம் இந்த எண்களில் இருக்கிறது. நெட்வேர், விண்டோஸ் என்டி, பலவகை யுனிக்ஸ் என்று இயங்குதளங்கள் சிதறிக் கிடந்த காலம் அது. ‘இது ஒரே டிஸ்க்’ என்று எல்லாவற்றிடமும் சொல்லிவிடுவது விற்பவருக்கும் வசதி, வாங்குபவருக்கும் வசதி. சென்னையிலும் கிளை கொண்ட அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனம் மெகாரெய்டு என்ற பெயரில் இத்தகைய கார்டுகளை விற்றது. 2001இல் அந்தப் பிரிவு எல்எஸ்ஐ கைக்குப் போய், பிறகு அவாகோ வழியாக இன்று பிராட்காமிடம் இருக்கிறது. ஆனால் இந்த வசதிக்குள் ஒரு விலை ஒளிந்திருந்தது. எந்த டிஸ்க்கில் எந்தத் துண்டு இருக்கிறது என்ற குறிப்பை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த வடிவத்தில் எழுதியது. கார்டு செத்தால், டிஸ்க்குகள் நலமாக இருந்தாலும், அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும்.

1990களின் நடுவில் டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே சொல்லும் ஸ்மார்ட் வசதி பரவியபோது முரண் வெளிப்பட்டது: டிஸ்க் பேசுகிறது, கார்டு இடையில் நிற்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் ஈர்ப்பலை ஆய்வாளராக இருந்த புரூஸ் ஆலன் 2002இல் தொடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளில் இந்தச் சண்டையின் தழும்புகளைப் பார்க்கலாம். 3வேர் கார்டுக்கு ஒரு வழி, எச்பி ஸ்மார்ட் அரேக்கு வேறொன்று, மெகாரெய்டுக்கு இன்னொன்று என்று கார்டுக்குக் கார்டு தனி நிரல் தேவைப்பட்டது. மெகாரெய்டில் கட்டளை இடும்போது கார்டின் பெயர், ஒரு காற்புள்ளி, டிஸ்க்கின் எண் என்று கொடுத்து, கடைசியில் கார்டு இயங்குதளத்துக்குக் காட்டும் ஏதாவதொரு மெய்நிகர் டிஸ்க்கின் பெயரையும் சேர்க்க வேண்டும். அந்தக் கடைசிப் பெயர் கார்டுக்குள் நுழையும் வாசல் மட்டுமே. எதைக் கொடுத்தாலும் பதில் ஒன்றுதான். டிஸ்க்கின் எண்ணும் சர்வரின் முகப்பில் உள்ள செருகிட எண்ணோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. மாற்றுச் செக்டருக்கு இடம்பெயர்ந்த செக்டர்கள் எத்தனை என்ற ஒரேயொரு எண்ணைப் பார்க்க இத்தனை சுற்றுவழி.

உடல்நிலை அறிக்கையைவிட ஆழமான சிக்கல், டிஸ்க் பிழை என்றே சொல்லாமல் தப்பான தரவைத் திருப்பித் தருவது. லட்சுமி பைரவசுந்தரமும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, நெட்ஆப் சேமிப்புக் கருவிகளில் இருந்த 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்து, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில், தரவோடு சேர்த்து எழுதிவைக்கும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் ஒத்துப்போகாததைப் பதிவு செய்தது. அவை பிடிபட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் கருவிகளில் ரெய்டு வேலையை நெட்ஆப்பின் சொந்த மென்பொருளே டிஸ்க்குகளை நேரடியாகக் கையாண்டு செய்தது. உயர்ரக டிஸ்க்குகளில் 512 பைட் செக்டருக்குப் பதில் 520 பைட் செக்டர் வைத்து, எட்டுச் செக்டரில் மிஞ்சும் 64 பைட்டில் செக்சம் எழுதியது. செக்சம் வைத்துக்கொள்ளாத ரெய்டு கார்டிலோ, இரண்டு நகல்கள் வேறுவேறாக இருந்தால் எது மெய் என்று சொல்ல வழியே இல்லை. சன் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக்கும் மாத்யூ ஆரன்ஸும் உருவாக்கி 2005இல் ஓப்பன்சோலாரிஸில் சேர்ந்த இசட்எஃப்எஸ், செக்சத்தைக் கோப்பு முறைமைக்குள்ளேயே கொண்டுவந்தது. ஒரு நகல் பொய் என்று தெரிந்தால் இன்னொன்றை எடுத்துக்கொள்ள அதற்கு ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியே தெரிய வேண்டும். கார்டு வழிவிடாத இடங்களில், ஒவ்வொரு டிஸ்க்கையும் உபரித் தகவல் இல்லாத தனித்தனி ரெய்டு 0 ஆக அறிவிக்கும் தந்திரம் பரவியது. இது அரைகுறைத் தீர்வுதான். கார்டின் குறிப்பும் தற்காலிக நினைவகமும் இடையில் அப்படியே இருந்தன. அதனால் பலர் ஐபிஎம் எம்1015 போன்ற கார்டுகளின் ஃபர்ம்வேரையே மாற்றி, ரெய்டு எதுவும் செய்யாத வெறும் இணைப்புப் பலகையாக்கினார்கள்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. மின்சாரம் போனாலும் எழுதவிருந்ததைக் காப்பாற்றும் பேட்டரி கார்டில் இருக்கிறது என்பார்கள். உண்மை, சிறுசிறு தரவுகளை அடிக்கடி எழுதும் தரவுத்தளங்களுக்கு அது பெரும் பலம். ஆனால் அந்தப் பணியைச் செய்ய டிஸ்க்கின் அறிக்கையை மறைக்கத் தேவையில்லை. சிவப்பு விளக்கு எரிந்த டிஸ்க்கை உருவி வேறொன்றைச் செருகினால் போதும், நிபுணர் தேவையில்லை என்பது இரண்டாவது வாதம். தனி நிர்வாகி இல்லாத சிறு அலுவலகத்துக்கு இன்றும் பொருந்தும் வாதம் இது. ஆயினும் விளக்கு எரிவது கார்டு அறிந்த பிழைக்கு மட்டுமே. ஸ்மார்ட் எண்களையே நம்ப முடியாதே என்பது மூன்றாவது. கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து, செத்தவற்றில் 56 சதவீதத்துக்கும் மேலானவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்றார்கள். ஆனால் முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு கூடுகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றிலாவது முன்கூட்டியே எச்சரிக்கும் சாட்சியை, மீதிக்குப் பயன்படவில்லை என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

பெர்க்லியின் அந்த 2.3 மெகாபைட் தடை எப்போதோ நீங்கிவிட்டது. இன்றைய பிராசஸருக்கு ரெய்டு கணக்கு ஒரு பொருட்டே இல்லை. 2011இல் தரப்படுத்தப்பட்ட என்விஎம்இ முறையில் சேமிப்பகம் இடையில் ரெய்டு கார்டே இல்லாமல் பிராசஸரோடு பேசுகிறது. கார்டு தயாரிப்பாளர்களே டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் வசதியை அதிகாரபூர்வ அம்சமாகச் சேர்த்திருக்கிறார்கள். வேலையைக் கார்டிடம் ஒப்படைப்பது அன்றும் சரி, இன்றும் சில இடங்களில் சரி. தடயத்தையும் அதனிடமே ஒப்படைத்ததுதான் தவறு. எனவே சர்வர் வாங்குபவர் ரெய்டு எந்த வகை, வேகம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன், ஒவ்வொரு டிஸ்க்கும் சொல்வதைத் தன்னால் நேரடியாகக் கேட்க முடியுமா என்று விசாரிக்க வேண்டும்.